மரம் சீவ எந்தக் கத்தி?

சிங்காரப்பேட்டையில் எந்த வீட்டில் தேடினாலும் நாலு வெட்டுக்கருவி கிடைக்கும். எரவாணத்தில் செருகிய கொடுவாள், அடுப்படியில் அரிவாள்மணை, ஒரு காய்கறிக் கத்தி, பிள்ளைகளின் பள்ளிப்பையில் ஒரு பேப்பர் கட்டர். மரம் சீவலாம் என்று உட்காருகிறவர் கை முதலில் இந்த நாலில் ஒன்றுக்குத்தான் போகும். காயங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கொட்டாங்கச்சிக் கரண்டிக்கு ஒரு பிடி, பிள்ளைக்கு ஒரு கில்லி, மோர் கடைய ஒரு மத்து, வெண்ணெய் தடவ ஒரு மரக்கத்தி. இவ்வளவையும் ஒரே ஒரு சின்னக் கத்தியால் செய்துவிடலாம். அந்த ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். கத்தி வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பது ஏன் ஆகாது

கொடுவாள் ஓங்கி வெட்டுவதற்கானது. அதன் எடைதான் வேலை செய்கிறது. சீவும் வேலையில் எடை உங்களுக்கு எதிரி, ஏனென்றால் நினைத்த இடத்தில் அதை நிறுத்த முடியாது. கிளையைத் துண்டு போடவும், அடிக்கட்டை மேல் நிறுத்திப் பிளக்கவும் மட்டும் கொடுவாளை வைத்துக்கொள்ளுங்கள்.

அரிவாள்மணையில் அலகு நிற்கும், பொருள்தான் நகரும். கத்தரிக்காய்க்குச் சரி. மரம் சட்டென்று விட்டுக்கொடுத்தால் தள்ளிய உள்ளங்கை நேராக அலகில் போய் விழும்.

காய்கறிக் கத்தியின் தகடு மெல்லியது. மரத்தில் அழுத்தினால் வளையும். வளைந்தது நிமிரும்போது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பிடியும் ஒல்லி என்பதால் பத்து நிமிடத்தில் கை பிடித்துக்கொள்ளும்.

நாலிலும் மோசமானது பேப்பர் கட்டர்தான். கூராக இருப்பதால் நல்ல கருவி போலத் தோன்றும். அதன் அலகில் குறுக்கே கோடுகள் போட்டிருப்பதே மழுங்கிய துண்டை ஒடித்து எறிவதற்காகத்தான். மரத்துக்குள் புகுத்தி லேசாகத் திருகினால் அதே கோட்டில் ஒடியும், ஒடிந்த துண்டு முகத்தை நோக்கித் தெறிக்கும். அட்டை வெட்ட வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: திறந்த அலகு பூட்டிக்கொள்கிறதா? பூட்டு இல்லாத பேனாக்கத்தியின் முனையை மரத்தில் அழுத்தினால் அலகு மடங்கி உங்கள் விரல் மேலேயே மூடும். பிரான்ஸ் நாட்டு ஒப்பினல் கத்தியில் 1955ல் ஒரு திருகு வளையத்தைச் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் மடங்காது. அப்படிப்பட்ட பூட்டு இருந்தால் மட்டும் மடக்குக் கத்தியைச் சீவப் பயன்படுத்தலாம். இருந்தாலும் முதல் கத்தி மடங்காததாக இருப்பதே என் கட்சி.

நல்ல சீவுகத்தியின் அங்க லட்சணம்

கடையில் கையில் எடுத்தவுடன் இந்த வரிசையில் பாருங்கள்.

1. அலகின் நீளம். 6 முதல் 8 சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கையின் அகலம் அவ்வளவுதான் இருக்கும். அதை வைத்து அளக்கலாம். நீளம் கூடக்கூட முனை உங்கள் கட்டுப்பாட்டை விட்டு விலகிப் போகும். "சின்னதா இருக்கே" என்று கடைக்காரர் பெரிதை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. கனம். முதுகுப் பக்கம் 2 முதல் 3 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் வளையும். கூடினால் ஆப்பு போல மரத்தைப் பிளக்குமே தவிரச் சீவாது.

3. சரிவு. இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. வாயின், அதாவது வெட்டும் ஓரத்தின், இரு பக்கச் சரிவும் சேர்ந்து 20 முதல் 25 டிகிரி இருக்க வேண்டும். கோணமானி தேவையில்லை. சரிவின் அகலம் அலகின் கனத்தைப் போல இரண்டரை மடங்கு இருந்தால் போதும். 2.5 மில்லிமீட்டர் கனமுள்ள அலகில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 6 மில்லிமீட்டர். சரிவு வளைவில்லாமல் தட்டையாக இருப்பது முக்கியம், ஏனென்றால் அந்தத் தட்டை மரத்தின் மேல் படிந்துதான் கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

4. பிடி. அலகு சிறிதாக, பிடி பெரிதாக இருக்கட்டும். 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம், முட்டை வடிவக் குறுக்குவெட்டு. முழு உருண்டையாக இருந்தால் கைக்குள் சுழலும். விரல் பதிய வரிவரியாகப் பள்ளம் வெட்டிய பிடிகள் பார்க்க அழகு. ஆனால் சீவும்போது பிடியை நாலு விதமாக மாற்ற வேண்டும், அந்தப் பள்ளங்கள் விரலை உறுத்தும்.

5. இரும்பு. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், துருவும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, தீட்ட நேரம் எடுக்கும். தீட்டப் பழகுகிற எண்ணம் இருந்தால் கார்பன். வேலை முடிந்ததும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

சுவீடன் நாட்டு மோரா கத்திகளில் 106, 120 என்ற எண்கள் மரச் சீவலுக்கென்றே செய்யப்பட்டவை. 120இன் அலகு 6 சென்டிமீட்டர், 106இன் அலகு கொஞ்சம் நீளம். இவற்றை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. படத்தைப் பார்த்து வைத்துக்கொண்டால் உள்ளூர்ப் பட்டறையில் விளக்கிச் சொல்ல உதவும்.

பட்டறையில் சொல்லிச் செய்வது

அரிவாள் அடிக்கும் பட்டறைகள் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்னும் ஓடுகின்றன. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி நன்றாக உழைக்கும். சிக்கல் ஒன்றுதான்: அரிவாள் அடித்துப் பழகிய கை, கத்தியையும் அரிவாள் கனத்துக்கே அடித்துக் கொடுத்துவிடும். அதனால்:

1. அட்டையில் கத்தியின் வடிவத்தை முழு அளவில் வெட்டிக் கொண்டுபோங்கள். வாயால் சொன்னால் நீளம் கூடிவிடும்.
2. "முதுகு இரண்டரை மில்லி, வாய்க்கு மெல்லிசா இறக்குங்கண்ணே" என்று கனத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.
3. வாய்ப் பக்கம் முழுநீளத்துக்கும் தோய்ச்சல், அதாவது சூடாக்கி முக்கி இறுக்குவது, வேண்டும் என்று கேளுங்கள்.
4. வாங்கும்போது பழைய அரம் ஒன்றை வாய்மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. வெண்ணெய் போலக் கடித்தால் இன்னும் ஏறவில்லை, திருப்பிக் கொடுங்கள்.

ஓசூர்ப் பக்கத்துக் குறுக்குவழி

சிப்காட்டில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. பவர் ஹாக்ஸாவின் தேய்ந்த பிளேடைக் கொண்டுவந்து கத்தி செய்துகொள்வது பல ஒர்க்‌ஷாப்களில் உள்ள வழக்கம். நல்ல யோசனைதான், மூன்று எச்சரிக்கைகளோடு.

முதலாவது, பழைய பிளேடு முழுவதும் ஹைஸ்பீடு எஃகாக இருந்தால்தான் பயன். இப்போது வருகிற பைமெட்டல் பிளேடுகளில் பல்வரிசை மட்டுமே ஹைஸ்பீடு. உடம்பு வேறு எஃகு. பல்லைத் தேய்த்து எடுத்தால் நல்ல இரும்பும் கூடவே போய்விடும்.

இரண்டாவது, ஹைஸ்பீடு எஃகு கடினமானது, ஆனால் கண்ணாடி குணம் உடையது. சுத்தியால் தட்டவோ வைஸில் மாட்டி வளைக்கவோ கூடாது. சில்லு தெறிக்கும்.

மூன்றாவது கிரைண்டர். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சக்கரத்தின் மேல்மூடி கட்டாயம். கையுறை போடக் கூடாது. சுழலும் சக்கரம் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை எதுவும் வேண்டாம். ஹைஸ்பீடு எஃகு சூட்டைத் தாங்கும். சாதாரணக் கார்பன் கத்தியைக் கிரைண்டரில் பிடித்தால் வாயில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும், பிறகு நீலம் பாயும். நீலம் வந்த இடத்தில் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கும், அங்கே தோய்ச்சல் இறங்கிவிட்டது. எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் கூர் தங்காது. ஒவ்வொரு உரசலுக்கும் இடையில் தண்ணீரில் முக்குங்கள்.

பழைய அரத்தையே கத்தியாக்குகிறவர்களும் உண்டு. மறுபடி பதப்படுத்தாமல் செய்தால் அது பாதியில் ஒடியும். தவிர்த்துவிடுங்கள்.

உளி வேண்டுமா?

சன்னபட்டணத்துக்குப் போய்ப் பொம்மை செய்வதைப் பார்த்து வந்தவர்கள், அங்கே கண்ட நீளப் பிடி உளியைத் தேடுவார்கள். அது கடைசல் உளி. அங்கே மரம் சுழல்கிறது, உளி தாங்கியின் மேல் நிற்கிறது. கையில் பிடித்துச் சீவ அது உதவாது. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்கு 2020ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நடப்பது. ஒரு கை உளியில், இன்னொரு கை கொட்டாப்புளியில். மரத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. எனவே உளி எடுப்பதென்றால் வைஸிலோ கிளாம்பிலோ மரத்தை அசையாமல் மாட்டியாக வேண்டும். ஒரு கையில் மரம், மறு கையில் உளி என்று மட்டும் செய்யாதீர்கள். உளி வழுக்கினால் குறுக்கே நிற்பது உங்கள் உள்ளங்கை.

அகப்பையின் குழியைக் குடைய வளைந்த அலகுள்ள கத்தி தனியாக உண்டு. நேர்க்கத்தியில் கை படிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மரம் தப்பானால் நல்ல கத்தியும் ஆபத்து

கத்தியைப் பழிக்கும் பலர் உண்மையில் புளியங்கட்டையோடு மல்லுக்கட்டுகிறவர்கள். புளி, கருவேல், சீமைக் கருவேல் எல்லாம் இறுகிய மரங்கள். சீவ வலு அதிகம் வேண்டும், வலு கூடினால் வழுக்கும்போது வேகமும் கூடும். முருங்கை எதிர்ப்பக்கம்: பஞ்சு போல நசுங்கும், சீவாது.

நடுவில் நிற்பவை மா, மலைவேம்பு, பெருமரம், பூவரசு, வெட்பாலை. சன்னபட்டணத்துப் பொம்மைக்கு எடுப்பது இந்த வெட்பாலை மரத்தைத்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாமரத்துக்குப் பஞ்சமே இல்லை. அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது தோப்புக்காரரிடம் கேட்டால் கைத்தடிக் கனக் கிளைகள் கிடைக்கும். ஈரம் காயும் முன்பே சீவுங்கள். பச்சை மரம் காய்ந்ததை விட எளிதாக வெட்டுப்படும். மாம்பால் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், எனவே பட்டையை உரித்துக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

ஓசூர்க் கம்பெனிகளில் இயந்திரம் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் பலகையும் நல்ல பயிற்சி மரம். பலகையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். ஆணியை முழுவதும் பிடுங்கிய பிறகே கத்தி வையுங்கள்.

தொடக் கூடாதவை: அரளி விஷம், சமையலறைப் பொருள் எதையும் அதில் செய்யக் கூடாது. கள்ளிப் பாலும் எருக்கம் பாலும் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மலைப்பக்கம் கிடைக்கும் சேங்கொட்டையின் பால் தோலைக் கொப்புளமாக்கும். ஜவ்வாது மலை அருகில் இருக்கிறது என்பதற்காகச் சந்தனக் குச்சி ஒன்றை ஒடித்து வராதீர்கள்; அது வனத்துறை வழக்கில் போய் நிற்கும்.

கூர்மையைச் சோதிக்கும் முறை

மழுங்கிய கத்தி மரத்தைக் கடிக்காமல் மேலே சறுக்கும். சறுக்குவதால் அழுத்துவீர்கள். அழுத்தம் கூடிய பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று விட்டுக்கொடுக்கும். அந்த வேகத்தைக் கையால் நிறுத்த முடியாது. எனவே விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, செய்தித்தாள் ஒன்றைத் தொங்கவிட்டு ஓரத்தில் கத்தியை இறக்குங்கள். கிழிக்காமல் அறுத்தால் சரி.

தீட்டுவதற்குச் செலவு குறைவு. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் பாலிஷ் போட்ட துண்டுக் கல் கிடைக்கும். அதைவிடச் சமமான தளம் வீட்டில் வேறு இருக்காது.

1. கல்லின் மேல் 400 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தெளித்து ஒட்டுங்கள். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும்.
2. கத்தியின் சரிவு முழுவதும் தாளில் படியும்படி வையுங்கள். முதுகைக் கூடுதலாகத் தூக்காதீர்கள். பலர் கோணத்தைக் கெடுப்பது இங்கேதான்.
3. வாய் பின்னால் வரும்படி, முதுகு முன்னே போகும்படி இழுங்கள். எதிராகத் தள்ளினால் தாள் கிழியும்.
4. மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு நகத்தில் தட்டும் வரை ஒரு பக்கம், பிறகு அடுத்த பக்கம்.
5. அதே வேலையை 800, பிறகு 1500 அல்லது 2000 எண் தாளில் செய்யுங்கள்.
6. பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பஃபிங் சோப்பைத் தேய்த்து, இரு பக்கமும் இருபது முறை இழுங்கள்.

குறிப்பு: சீவும்போது அரை மணிக்கு ஒருமுறை பெல்ட்டில் இழுத்துக்கொண்டால் தாளுக்குப் போகும் வேலை வெகுவாகக் குறையும்.

உட்காரும் விதமும் முதல் இரண்டு வெட்டும்

1. உறையிட்ட கத்தியோடு கையை நீட்டி ஒரு சுற்று சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. கோழியும் பூனையும் உள்பட.
2. குட்டையான ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கைகளை முழங்காலில் ஊன்றுங்கள். வேலை முழங்காலைத் தாண்டி முன்னால் நடக்கட்டும். தொடை மேல் வைத்துச் சீவவே கூடாது. உள்தொடையில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது.
3. கத்தி போகும் பாதையில் என்ன இருக்கிறது என்று வெட்டுக்கு முன் பாருங்கள். விரலோ காலோ இருந்தால் மரத்தைத் திருப்புங்கள்.
4. முதல் வெட்டு, நீளச் சீவல்: மணிக்கட்டை இறுக்கி, தோளிலிருந்து கத்தியை வெளியே தள்ளுவது. பட்டை உரிக்கவும் கனம் குறைக்கவும்.
5. இரண்டாவது, பெருவிரல் வெட்டு: மரம் பிடித்த கையின் பெருவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து மெல்லத் தள்ளுவது. கத்திக் கை திசையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒரு வெட்டு ஒரு சென்டிமீட்டர்கூடப் போகாது. முதல் வாரம் முழுவதும் இதையே அதிகம் செய்யுங்கள்.
6. நாரோட்டம் சரியும் திசையிலேயே சீவுங்கள். கத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனால் அழுத்தாமல் எடுத்து, மரத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள்.
7. கணு வந்தால் நேராக மோதாதீர்கள். இரு பக்கமிருந்தும் சிறிது சிறிதாக நெருங்குங்கள்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை இழுத்துக்கொண்டு விழ விடுங்கள். ரப்பர் செருப்போடு உட்காருவதை விட மூடிய ஷூ நல்லது.

தன்னை நோக்கி இழுத்துச் சீவும் வெட்டும் உண்டு. பெருவிரலுக்குத் தோல் உறை போடாமல் அதைத் தொடங்காதீர்கள்.

கையுறை

ஓசூரில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் வெட்டுத்தாங்கும் கையுறை கிடைக்கிறது. அட்டையில் இ.என். 388 என்ற தரக்குறியைத் தேடுங்கள். 2016க்குப் பிந்தைய முறைப்படி வெட்டுத்தாங்கும் அளவை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிக்கிறார்கள். ஏ மிகக் குறைவு. சி அல்லது அதற்கு மேல் வாங்குங்கள். மரம் பிடிக்கும் கைக்கு மட்டும் போடுங்கள், கத்திக் கைக்கு வெறுங்கைப் பிடிதான் உறுதி. இந்தக் கையுறை இழுத்து அறுப்பதைத் தாங்கும், முனை குத்துவதைத் தாங்காது. வெள்ளைப் பருத்திக் கையுறை எதையும் தாங்காது. அழுக்கு படாமல் இருக்கத்தான் அது.

வெட்டுப் பட்டால்

சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்கள். நின்ற பிறகு ஓடும் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடுங்கள். காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். டாக்டர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் இன்னொரு வலி.

விரல் முழுதாக மடங்கவில்லை, நுனி மரத்துப்போயிருக்கிறது, காயம் வாய் பிளந்து நிற்கிறது, பத்து நிமிடமும் தாண்டி ரத்தம் வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தால் அழுத்திய கையை எடுக்காமல் மற்றவரை 108க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். கடைசியாக டி.டி. ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் ஆழமான காயத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

எடுத்துப் போவதும் வைப்பதும்

கத்திக்கு உறை இல்லாமல் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். தோல் கிடைக்காவிட்டால் கனமான பி.வி.சி. பைப் துண்டைச் சூடாக்கித் தட்டையாக அழுத்தினால் நல்ல உறை ஆகிவிடும். இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். உறையிட்டு, துணி சுற்றி, பையின் அடியில் வையுங்கள். ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கும் உண்டு. நாம் சொன்ன கத்தி 3 அங்குலம்தான். இருந்தாலும் பெங்களூரு மெட்ரோவில் கத்தியை அனுமதிக்க மாட்டார்கள், விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை வரும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். காரணம் எதுவானாலும் பழக்கம் பாதுகாப்பானது, பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக் கொடுங்கள். அவர்கள் பழக முதலில் குளியல் சோப்பும் முனை மழுங்கிய வெண்ணெய்க் கத்தியும் போதும். அதில் பெருவிரல் வெட்டு ஒழுங்காக வந்த பிறகு மலைவேம்புக் குச்சி ஒன்றைக் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கத்தியை உறையிலிருந்து எடுக்க விடுங்கள்.